சாய்ந்த தென்னையை அடியில் அறுக்க வேண்டாம்

வணக்கம். கொல்லைத் தென்னை பக்கத்து வீட்டுச் சிமெண்ட் ஷீட் கூரையின் மேல் சாய்ந்திருப்பதாகவும், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அடியில் அறுத்தால் மறுபக்கம் விழுந்துவிடும் என்று மரம் வெட்டுபவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கொண்டையின் பாரம் முழுவதும் கூரைப் பக்கம் இருப்பதால், அறுபடும்போது மரம் சாய்ந்த திசையிலேயே விழப் பார்க்கும். முதலில் குலைகளையும் மட்டைகளையும் இறக்கி, பின்பு தண்டை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்; கூலி கூடுதலாகத்தான் கேட்பார், ஆனால் உங்கள் இடத்துக்கு அதுவே பொருந்தும்.

ஏறுமுன் அவர் தண்டைச் சுற்றிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். துளைகளும், அவற்றில் வடியும் செம்பழுப்புச் சாறும், மென்று துப்பியது போன்ற நாரும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே குடைந்திருக்கக்கூடும். அத்தகைய மரத்தில் ஆளை ஏற்றாமல் கிரேன் வைத்தே இறக்க வேண்டும்.

மின்கம்பியைத் தொடுவதாக நீங்கள் குறிப்பிட்ட மாங்கிளையை, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கழிக்கச் சொல்லுங்கள். வெட்டிய தண்டையும் மட்டையையும் அப்புறப்படுத்துவது கூலிக்குள் அடங்குமா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.