லைட்டை அணைத்தால் நீல வெளிச்சமா?

கேள்வி: சீரியலில் மாமியார் லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறார்; அறை முழுக்க நீலமாகத் தெரிகிறது. எங்கள் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) அறையில் அணைத்தால் கைகூடத் தெரியாதே, அண்ணே?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: நிஜ இருட்டைப் படம்பிடித்தால் டீவியில் கறுப்புத்தான் தெரியும், தங்கச்சி. சுவிட்சைத் தட்டும் நொடியில் மஞ்சள் விளக்குகளைக் குறைத்து நீலத்தை ஏற்றுவார்கள். அது நிலவொளியாம்; ஜன்னலே இல்லாத அறைக்கும் நிலா வந்துவிடும்! முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மங்கலில் நம் கண்ணுக்கு முதலில் சிவப்புத்தான் மங்கும், நீலம் சற்றுத் தாக்குப்பிடிக்கும். சரி, அதை விடுங்கள். எனக்குப் பொறுக்காதது ஏழை வீட்டுக் குப்பி லாம்பு. அந்தச் சின்னத் திரியில் நாலு சுவரும் பளபளக்கும்! மண்ணெண்ணெய்ப் புகையில் கூரைத் தகரம் கறுத்திருப்பதை எந்த டைரக்டரும் காட்டக் காணோம்.