சீனியர் வேலையும் உன்னிச்சைத் தண்ணீரும்

அன்புள்ள அக்கா,

நான் களுவாஞ்சிகுடி. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துவிட்டு, கொழும்புக் கம்பனி ஒன்றில் பதினொரு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு ஊரில் இருந்தே வேலை. போன மாதம் வெளிநாட்டுப் பெரிய கம்பனி ஒன்றில் சீனியர் எஞ்சினியர் வேலைக்கு இன்டர்வியூ, ஐந்து சுற்று. ஆறு மாதம், கோடிங் கணக்குப் பயிற்சி செய்கிற இணையத்தளமான லீட்கோடே கதி என்று கிடந்ததில் கோடிங் சுற்றுகள் நன்றாகப் போயின. சிஸ்டம் டிசைன் சுற்றில், ஒரு கோடிப் பேருக்கு அறிவித்தல் அனுப்பும் அமைப்பை வடிவமைக்கச் சொன்னார்கள். படித்ததையெல்லாம் நாற்பது நிமிடத்தில் வரைந்து முடித்தேன். கேட்டவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, 'சீனியர் மட்டத்துக்குப் போதாது, ஒரு மட்டம் கீழே என்றால் தரலாம்' என்று பதில் வந்தது.

எங்கள் கம்பனியில் எனக்கு மேலே இருப்பவர்களுக்கே நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒரு வெள்ளி இரவு எங்கள் கட்டண அமைப்பு ஒரே ஆளிடம் இரண்டு தரம் காசு எடுக்கத் தொடங்கியபோது, விடிய விடிய இருந்து பிடித்தவனும் நான்தான். இன்டர்வியூவில் அதைச் சொல்லவில்லை. பெருமை அடிக்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காரணம் என் ஆங்கிலமா, பல்கலைக்கழகப் பெயரா? இன்னும் எத்தனை லீட்கோட் கணக்குச் செய்ய வேண்டும்? அந்தக் கீழ்மட்ட வேலையை எடுக்கலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் வந்தாறுமூலைக்குப் போய், இறுதியாண்டுப் பிள்ளைகள் சிலருக்கு மாதிரி இன்டர்வியூ வைத்துவிட்டு வந்திருந்தேன். அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்த ஒன்றை நீங்கள் கிளறிவிட்டீர்கள். அதனால்தான் தனிமடலில் எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

அங்கே ஒரு பிள்ளையிடம், பஸ் கம்பனி ஒன்றுக்கு ஆசனப் பதிவு அமைப்பை வடிவமைத்துக் காட்டச் சொன்னேன். "சரி மிஸ்" என்றாள். மார்க்கரின் மூடியைக் கழற்றி இடது கைக்குள் பொத்திக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பியவள், அரை மணித்தியாலம் என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டி பெட்டியாக வரைந்தாள். மேலே வேலையைச் சேர்வர்களுக்குப் பங்கிடுகிற லோட் பேலன்சர், கீழே நாலு சேர்வர், பக்கத்தில் அடிக்கடி தேவைப்படுவதைக் கைவசம் வைத்திருக்கிற கேஷ், மூலையில் டேட்டாபேஸும் அதன் பிரதியும். கோடெல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி. முடிந்ததும், "கம்பனிக்கு எத்தனை பஸ் பிள்ளை?" என்று கேட்டேன். முழித்தாள். நான் மனதில் வைத்திருந்தது எட்டு பஸ். எட்டு பஸ்ஸுக்கு ஒரு சேர்வரும் ஒரு டேட்டாபேஸும் தாராளம். ஒரே ஆசனத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமத்தினால் யாருக்குக் கொடுப்பது என்பதுதான் அங்கே உண்மையான சிக்கல், அது அவளுடைய படத்தில் எங்குமே இல்லை. "ஏன் பிள்ளை கேக்கல்ல?" என்றேன்.

"கேட்டா எனக்குத் தெரியாதெண்டு நினைப்பீங்களே மிஸ்."

தம்பி, பதினொரு வருட அனுபவத்தோடு நீங்கள் செய்ததும் இதைத்தான்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலம் காரணமில்லை. அந்தக் கம்பனிகளில் கேள்வி கேட்கிற எத்தனையோ பேருக்கே அது இரண்டாம் மொழி. உங்கள் கடிதம் எழுதப்பட்டிருக்கிற தெளிவு இருந்தால் போதும். பல்கலைக்கழகப் பெயரும் இல்லை. பதினொரு வருடம் வேலை செய்தவரின் பட்டத்தை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? இந்த எண்ணத்தை இன்னொரு தரம் எழுதினால் எனக்குக் கோபம் வரும். லீட்கோட் போதும், நிறுத்துங்கள். கோடிங் சுற்று நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் இல்லைதான். மெக் கணினிகளில் மென்பொருள் நிறுவ உலகமே பாவிக்கிற ஹோம்புரூவை எழுதிய மாக்ஸ் ஹோவெல், கூகுள் தன்னை எடுக்கவில்லை என்று 2015-இல் பகிரங்கமாகச் சொன்னார். பலகையில் பைனரி மரம் என்ற தரவு அமைப்பு ஒன்றை இடம் வலமாகத் திருப்பிப்போட முடியாமல் போனதாம் விஷயம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, கூகுளின் ஆளணித் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், தாங்கள் கேட்டுவந்த மூளை விடுகதைகளால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் உங்களுக்கு அந்தச் சுற்றில் குறை வரவில்லையே. பிறகு ஏன் அதைப் பற்றி இவ்வளவு நேரம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஒரு கோடிப் பேருக்கு அறிவித்தல்' என்று சொன்னவுடன் நீங்கள் வரையத் தொடங்கிவிட்டீர்கள். என்ன அறிவித்தல் என்று கேட்டீர்களா? வங்கியின் ஓடிபி ஐந்து நிமிடம் பிந்தினால் குப்பை. சித்திரை வருடப்பிறப்புத் தள்ளுபடி ஐந்து மணித்தியாலம் பிந்தினாலும் யாரும் சாகப்போவதில்லை. உங்கள் கணக்கில் இருந்து காசு போனது என்ற செய்தி இரண்டு தரம் வந்தால் ஆள் வங்கிக்கு ஓடுவான். இந்த மூன்றையும் ஒரே வரிசையில் போட்டால், தள்ளுபடி விளம்பரம் ஒரு கோடிப் பேருக்குப் போகிற நேரத்தில் ஓடிபி அதன் பின்னால் காத்துக்கிடக்கும். இதைக் கேட்டிருந்தால், தனித்தனி வரிசை, முன்னுரிமை, ஒரு செய்திக்கு ஒரு தனி அடையாள எண், அந்த எண்ணைப் பார்த்து ஏற்கெனவே போனதை மறுபடி அனுப்பாமல் விடுவது, தோற்றதைச் சற்று இடைவெளி விட்டுத் திரும்ப முயல்வது எல்லாம் கேள்வியில் இருந்தே தானாக வந்திருக்கும்.

எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு கோடிப் பேர், ஆளுக்கு நாளுக்கு மூன்று என்றால் மூன்று கோடி. நாளுக்கு 86,400 செக்கன். பிரித்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 350. அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று கோடியில் பாதி காலை எட்டு மணிக்கு ஒரே மூச்சில் போகவேண்டும் என்றால் கதை வேறு. எது என்று கேட்காமல் எப்படி வரைவது? நீங்கள் வரைந்த படம் பிழையாக இருந்திருக்காது, அதை நான் நம்புகிறேன். அது யாரோ கேட்ட வேறொரு கேள்விக்குச் சரியான விடை.

அவர் தலையாட்டியதை நம்பி ஏமாந்தீர்கள் பாருங்கள், அது எனக்குக் கவலை. மேசைக்கு அந்தப் பக்கம் நானும் பல வருடம் இருந்திருக்கிறேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுதுவோம். பெரிய கம்பனிகளில் அந்த எழுத்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கூகுளில் உங்களைச் சந்தித்தவர்கள் எழுதிய குறிப்புகளை, உங்களைக் கண்ணாலும் காணாத ஹயரிங் கமிட்டி என்ற குழு வாசிக்கிறது. அமேசானில் பார் ரெய்சர் என்று சம்பந்தமில்லாத குழுவில் இருந்து ஒருவர் வந்து இருப்பார், அவர் மறுத்தால் ஆள் உள்ளே போகமுடியாது. நீங்கள் மனதுக்குள் யோசித்தது ஒன்றும் அந்தக் குறிப்பில் ஏறாது. வாய் திறந்து, 'இது ஓடிபி என்று வைத்துக்கொள்கிறேன், ஆகவே இப்படிச் செய்கிறேன், இதனால் இன்ன செலவு கூடும்' என்று சொன்னது மட்டும்தான் ஏறும். மட்டத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். கூகுளில் எல்5, மெட்டாவில் ஈ5, அமேசானில் எல்6 என்று எண்கள் மாறினாலும் சீனியரிடம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய ஒன்று. கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்பவர் ஒரு மட்டம் கீழே. செய்யவேண்டிய வேலை எது என்று தெளிவில்லாத இடத்தில் அதைக் கண்டுபிடிப்பவர் சீனியர். கேள்வியை அரைகுறையாகக் கேட்பதே நீங்கள் மிச்சத்தைத் தோண்டுகிறீர்களா என்று பார்க்கத்தான்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது எந்தக் கம்பனியும் இல்லை. என் மாமா, அம்மாவின் மூத்த அண்ணன், உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே ஒரு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானையாக இருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருமுறை என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பெரும்போகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகம் குளத்தில் நிற்கிற தண்ணீரை நம்பித்தான். ஆகவே எத்தனை ஏக்கர் செய்வது, எந்தத் திகதி தண்ணீர் திறப்பது, எப்போதைக்குள் விதைத்து முடிப்பது, கடைசித் தண்ணீர் எப்போது எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அதிகாரிகள் ஒரு பக்கம், விவசாயிகள் ஒரு பக்கம். எத்தனை ஏக்கர் செய்யலாம் என்ற கேள்வி வந்ததும் சபை கொதித்தது. ஆளாளுக்கு ஒரு தொகை. ஒருவர் கதிரையில் ஏறி நின்று கத்தினார்.

மாமா எழும்பினார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். தொகை ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா, குளத்தில இண்டைக்கு எத்தின அடி தண்ணி நிக்குது?" அதிகாரி சொன்னார். "எல்லாரும் மூண்டு மாத நெல்லா, மூண்டரை மாத நெல்லா?" அதைப் பற்றி அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை. மேலதிகமாக ஓடுகிற அந்த இரண்டு கிழமைக்கும் தண்ணீர் வேண்டுமே. "கடைசி வாய்க்கால்காரனுக்குப் போன சிறுபோகம் தண்ணி போய்ச் சேந்ததா?" பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் தலையை நிமிர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் தன் கருத்தைச் சொன்னார். மூன்று மாத நெல் மட்டும், ஏக்கரைக் குறைப்போம், குறைப்பதில் என் காணியும் அடக்கம், விளைச்சல் கொஞ்சம் குறையும், ஆனால் கடைசி ஆளுக்கும் கதிர் முற்றும். சிஸ்டம் டிசைன் சுற்றில் ஒரு சீனியர் எப்படிக் கதைக்கவேண்டும் என்று என்னை யார் கேட்டாலும் எனக்கு நினைவு வருவது அந்தக் கூட்டம்தான். கேட்டார், கணக்குப் பார்த்தார், ஒரு முடிவில் நின்றார், அந்த முடிவால் யாருக்கு நட்டம் என்பதையும் தானே சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தச் சபையில் ஒருவர்கூட நினைக்கவில்லை.

அப்படியானவர்களின் பிள்ளைகள் நாம் எப்படி வாயடைத்துப் போனோம்? வகுப்பில் வாத்தியாரிடம் திருப்பிக் கேட்டால் எதிர்த்துக் கதைக்கிறான் என்று பெயர். டியூட்டரியில் நூற்றுக்கணக்கில் நெருக்கி இருந்து பாஸ்ட் பேப்பர் செய்தோம். அங்கே கேள்வி அச்சில் இருக்கும், அதை யாரும் விசாரிக்க முடியாது, விடை மட்டும்தான் நம் வேலை. நீங்கள் லீட்கோடைப் பிடித்ததும் அதே பழக்கத்தில்தான். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நானும் நீங்களும் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். வரிசையில் நிற்கும்போது அம்மா காதுக்குள் சொல்லுவா: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கூட ஒரு சொல்லும் சொல்லாதே, நீ ஒன்றும் கேட்காதே. அது அன்றைக்கு எங்கள் உயிரைக் காத்த புத்தி. அதிகாரம் உள்ள ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்டால் நம் உடம்பு இன்னும் அந்த வரிசையில்தான் போய் நிற்கிறது. சாவடியைக் கண்டிராத இந்தப் பிள்ளைகளுக்கும் அந்தப் புத்தியை வீட்டில் ஊட்டிவிட்டிருக்கிறோம். உங்களை நான் ஏசுகிறேன், ஆனால் இதற்காக ஏசவில்லை.

ஏசுவது அந்த வெள்ளி இரவுக்காக. ஒரே ஆளிடம் இரண்டு தரம் காசு போகிறது, நீங்கள் விடிய விடிய இருந்து பிடிக்கிறீர்கள், அதைச் சொல்வது பெருமையடிப்பதாம்! பதினொரு வருட வேலையில் சீனியர் என்று காட்ட உங்களிடம் இருந்த மிகப் பெரிய ஆதாரம் அது. அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு லீட்கோட் கணக்கை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குள் இருப்பது நீங்கள் கோட்டைவிட்ட அறிவித்தல் கேள்வியின் அதே சிக்கல், ஒன்றை இரண்டு தரம் செய்யாமல் தடுப்பது. எப்படித் தெரியவந்தது, முதலில் எதை நிறுத்தினீர்கள், யாரை எழுப்பினீர்கள், காசை எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள், திங்கட்கிழமை எதை மாற்றினீர்கள், அதில் எது உங்கள் தீர்மானம், எது மற்றவர்களுடையது? நடந்ததை நடந்தபடி சொல்வதில் பெருமை எங்கே வந்தது?

கீழ்மட்ட வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவமானம் என்று நினைத்து மறுக்கவேண்டாம், பதினைந்து வருடக்காரர்களையும் அப்படி ஒரு மட்டம் இறக்கித்தான் எடுக்கிறார்கள். சம்பளத்தையும், எந்தக் குழு என்பதையும், அடுத்த மட்டத்துக்கு ஏற என்ன காட்டவேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் பிடித்திருந்தால் எடுங்கள். பிடிக்காவிட்டால் விடுங்கள், பெரிய கம்பனிகளில் சில மாதம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்க வழி இருக்கும். எவ்வளவு காலம் என்று உங்களை அழைத்த ஆளிடமே கேட்கலாம்.

அதற்கு முதல், வெள்ளி இரவுக் கதையை ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை பின்னேரம் ஸூமில் வருகிறேன். 'வாடகை ஓட்டோ கூப்பிடும் அமைப்பு ஒன்று வேண்டும்' என்று மட்டும் சொல்வேன். நீங்கள் கேட்காமல் மேலதிகமாக ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அக்கா