கேள்வி நேரம்: குதிரைக்குப் பசும்புல் மட்டும் போதுமா?

கேள்வி: ஓய்வுபெற்ற ரேஸ் குதிரைகள் இரண்டு வளர்க்கிறோம். தீவனம் நேப்பியர் புல்லும் செட்டாரியா புல்லும். கூடவே ஆளுக்கு 2 கிலோ கோதுமைத் தவிடு. மூன்று மாதமாக ஒன்று விறைத்து விறைத்து நடக்கிறது. முகத்தில் இரு பக்கமும் எலும்பு புடைத்திருக்கிறது. பல் கோளாறா? அதே புல்லைத் தின்னும் பக்கத்துக் கம்பத்து மாடுகள் நன்றாகத்தானே இருக்கின்றன?
– வாசகர், பாலிக் புலாவ்

பதில்: பல் கோளாறென்றால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும். இரு பக்கமும் சமமாகப் புடைத்து நடையும் விறைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 'பெரிய தலை' நோயை. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைவதால் வருவது இது. செட்டாரியாவில் ஆக்சலேட் என்ற உப்பு மிக அதிகம். நேப்பியரிலும் கினிப் புல்லிலும் கணிசமாக உண்டு. அது குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், தின்ற கால்சியம் சாணத்தோடு போய்விடும். இரத்தத்தில் அளவு குறையாமல் காக்க உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது. அந்த இடத்தில் நார்த்திசு வளர்வதுதான் நீங்கள் பார்க்கும் புடைப்பு. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை.

தவிடு இதை இன்னும் மோசமாக்குகிறது. தீவனத்தில் ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம் இருப்பது நல்லது. தவிட்டிலோ கால்சியத்தைப்போல் பத்து மடங்கு பாஸ்பரஸ். இன்றிலிருந்து படிப்படியாகக் குறைத்து ஒரே வாரத்தில் நிறுத்திவிடுங்கள்.

நோய் கண்ட குதிரைக்கு வாரம் 2 கிலோ தாதுக் கலவை தேவை: ஒரு பங்கு சுண்ணாம்புக்கல் தூள், இரண்டு பங்கு டைகால்சியம் பாஸ்பேட். வெறுமனே வைத்தால் ஒதுக்கிவிடும். 3 கிலோ மொலாசஸ் பாகில் குழைத்து, ஏழு நாளுக்குப் பிரித்து, நறுக்கிய வைக்கோலில் பிசைந்து கொடுங்கள். குறைந்தது ஆறு மாதம் விடாமல் தர வேண்டும். நொண்டல் அதற்கு முன்பே குறையலாம். முகப் புடைப்பு முழுதாக வடியாமலும் போகலாம். நலமாக இருக்கும் மற்றக் குதிரைக்கு இதில் பாதி. வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் கலந்துவிடாதீர்கள், வாயும் குடலும் வெந்துபோகும்.

புல்லையும் மாற்றுங்கள். அருகம்புல்லிலும் ரோட்ஸ் புல்லிலும் ஆக்சலேட் குறைவு. உடனே கிடைக்காவிட்டால் இறக்குமதி திமோத்தி வைக்கோலைப் பாதிக்குப் பாதி சேர்த்து, தினம் ஒரு கிலோ லூசர்ன் (குதிரைமசால்) வைக்கோலும் கொடுங்கள். மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லில்தான் ஆக்சலேட் உச்சத்தில் இருக்கும். ஆகவே நேப்பியரை ஆறு வாரம் முற்றவிட்டு அறுங்கள். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாக வந்தால் நிம்மதியாகிவிட வேண்டாம். எலும்பைக் கரைத்துத்தான் உடம்பு அந்த அளவைக் காட்டுகிறது. குதிரை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேளுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு புல் வெட்டிப் போட வேண்டும்? எடைபோட வசதி இல்லை.
– வாசகி, சுங்கை பூலோ

பதில்: அளவுநாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம். வருவதை 11,880 ஆல் வகுங்கள். சுற்றளவு 170, நீளம் 160 என்றால் எடை சுமார் 390 கிலோ. இதில் 2 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 8 கிலோ உலர் தீவனம் வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் கணக்கு 40 கிலோவில் போய் நிற்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான்; கட்டு பெரிதாகத் தெரியும், வயிற்றுக்குப் போவது கொஞ்சம். நாலு வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டும் மிஷினில் வெட்டிய புல் மூட்டை மூட்டையாகச் சும்மா கிடைக்கிறது. போடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடாது. பொடிப்பொடியாக வெட்டிக் குவித்த புல் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் சூடேறிப் புளிக்கும். குதிரை அதை மெல்லாமல் அள்ளி விழுங்கும். வாந்தி எடுக்கவும் அதற்கு இயலாது. வாயு கட்டிக் கடும் வயிற்று வலி வரும். இன்னொரு ஆபத்து, வேலியோரத்து அரளி அந்த மூட்டையில் கலந்துவிடுவது. பூசைக்கென்று நாம் ஆசையாக வைக்கும் செடிதான். ஆனால் ஒரு கைப்பிடி இலையே குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். காய்ந்த இலையிலும் விஷம் போகாது.

கேள்வி: தமிழ்நாட்டில் குதிரைக்குக் கொள்ளு கொடுப்பார்களே, இங்கே வாங்கிப் போடலாமா?
– வாசகர், ரவாங்

பதில்: போடலாம், ஆனால் அது வண்டி இழுத்த குதிரைக்கான தீவனம். சும்மா நிற்கும் குதிரைக்குத் தேவையில்லை. வேலை வாங்குகிறீர்கள் என்றால் அரைக் கிலோவில் தொடங்குங்கள். இரவு ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, ஆறிய பிறகு கொடுங்கள். பச்சைக் கொள்ளு சரியாகச் செரிக்காது. எந்தத் தானியமானாலும் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்துக் குளம்பழற்சியில் கொண்டுபோய் விடும். குளம்பு சுட்டு, குதிரை முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றினால் தானியத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.