கடலோர வண்டியின் துருவை அழகாக்க முடியுமா?

கேள்வி: தேவிபட்டினத்தில் இருக்கிறேன். அப்பா மீன் ஏற்றிய பழைய டாடா 407 வீட்டில் நிற்கிறது. அமெரிக்க 'ரேட் ராட்' (rat rod) வண்டி மாதிரி துருப்பிடித்த ஸ்டைலில் மாற்றி ஓட்ட ஆசை. கையில் 40,000 ரூபாய்தான். துருவை அப்படியே விட்டு மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் போதும் என்கிறார் பெயின்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வறண்ட ஊரில் காய்ந்து கிடக்கும் மேல்துருவுக்கு அது சரிப்படும். உங்கள் வண்டித் துருவுக்குள் இருப்பது உப்பு. கடல்காற்று போதாதென்று, ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய மீன் தண்ணீரையும் வருடக்கணக்கில் குடித்த தகரம் அது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கிளியருக்கு அடியிலும் அரிக்கும். கொஞ்ச நாளில் கொப்புளம் கொப்புளமாக உரியும்.

கதவின் அடிவிளிம்பு, கேபின் தரையில் கால்விரிப்புக்குக் கீழே, சேஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டம், இந்த மூன்று இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தால் பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும். ஓட்டையில் பட்டி பூசி மூடுகிற டிங்கரிடம் வண்டியை விடாதீர்கள். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்பவரைத் தேடுங்கள்.

மற்ற இடங்களை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமரோடு நிறுத்தினால் ஸ்டைலாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அப்புறம் துருவை வரைந்துகொள்ளலாம். மேட் பழுப்பு அடித்து, ஸ்பாஞ்சில் செம்மண் நிறத்தையும் கருப்பையும் ஒற்றி, மேலே மேட் கிளியர். கதவில் அப்பா பெயரை போர்டு எழுதுகிறவரிடம் பழைய பாணியில் எழுதச் சொல்லி, காய்ந்ததும் உப்புத்தாளால் பாதி தேய்த்து விடுங்கள். இதில் வருகிற அழகு ஆயிரக்கணக்கில் செலவழித்தாலும் வராது.

கூரையை வெட்டித் தாழ்த்துவது, ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி வண்டியின் உயரத்தை இறக்குவது எல்லாம் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம், சிறைக்கும் இடமுண்டு. ஆர்.சி.யில் உள்ள நிறம் மாறினால் அதையும் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன், எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) வாங்கித் தர்றேன்" என்று ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர் வருவார். அவர் தேவையில்லை, அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தால் இந்த ஆட்களுக்குப் பிழைப்பே இருக்காது. ஒட்ட மாட்டார்கள்.

ஒரே ஒரு விலக்கு. வண்டியை ஓட்டாமல் தனுஷ்கோடி சாலைப் பக்கம் ஏதாவது கடை முன்னால் காட்சிக்கு நிறுத்துவதானால் கூரையை வெட்டுங்கள், எஞ்சினைத் திறந்து போடுங்கள், யாரும் கேட்க முடியாது. ஆனால் அதற்கு முன் 55ஆம் பிரிவின் கீழ் பதிவை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் நிற்கிற வண்டிக்கும் வரி ஏறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே பாக்கி இருந்தால் அதையும் கட்டித்தான் ரத்து வாங்க முடியும். அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரர் வந்து, சேஸ் நம்பர் இருக்கும் துண்டையும் ஆர்.சி.யையும் மட்டும் நல்ல விலைக்குக் கேட்பார். கொடுத்தால் உங்கள் நம்பரில் ஒரு திருட்டு வண்டி ஓடும். போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.