கல்லூரி இசைக்குழுவின் முதல் மேடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் கிதார், பேஸ் கிதார், கீபோர்டு, டிரம்ஸ், பாட்டு எனக் குழு அமைத்திருக்கிறோம். பிப்ரவரியில் ஊரிலுள்ள கல்யாண மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி. சேர்த்து வைத்த பணத்தில் பெரும்பகுதியை விளம்பரத்துக்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். சரியா?
– மாணவர், கும்பகோணம்

பதில்: பெரும்பகுதியை ஒலியமைப்புக்கு ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. திருவிழா இரவுகளில் நாகசுரத்தையும் தவிலையும் நேரில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் ஊர் மக்கள். பாடகரின் சொல் புரியாமல் டிரம்ஸ் மட்டும் இடித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு பெரிய கூட்டத்தைத் திரட்டியிருந்தாலும் மூன்றாவது பாட்டில் அது கலையத் தொடங்கிவிடும்.

நம் மாவட்டங்களில் மைக் செட் வைத்திருப்பவர்களில் பலர் கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பழகியவர்கள். ஆகையால், ‘கச்சேரி’ என்று மட்டும் சொல்லி முன்பணம் கொடுத்துவிடாமல், எந்தக் கருவிக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். டிரம்ஸுக்கு 4, பேஸுக்கு 1, கிதாருக்கு 1, கீபோர்டுக்கு 2, குரலுக்கு 2 என்று வைத்தாலே 10 ஆகிறது; எனவே 12 சேனலுக்கு (இணைப்புக்கு)க் குறைந்த மிக்சர், அதாவது ஒலிகளைக் கலந்து அளவாக்கும் கருவி, உங்களுக்குப் போதாது. கூம்பு ஒலிபெருக்கி பேச்சைத் தொலைவுக்குக் கொண்டுபோகும். ஆனால் பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலி அதில் வரவே வராது. பாக்ஸ் ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்-ஊஃபராவதும், பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்க முன்னால் ஒரு மானிட்டர் ஸ்பீக்கரும் வேண்டும். பெரிய ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்புறமாக, கேட்பவர்களை நோக்கி நிறுத்தினால் மைக் கூவுவது பெரிதும் குறையும்.

மண்டபம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழவழப்பான தரையும் வெறும் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஆட்கள் நிறைந்தபின் அவர்களுடைய உடலும் உடையும் அதில் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். காலி மண்டபத்தில் எதிரொலி மிகுதியாக இருக்கிறதே என்று கலங்கிச் சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். டிரம்ஸை அடக்கி வாசித்து, அதற்கு ஏற்ப மற்றவற்றை அமையுங்கள். டிரம்ஸ், பேஸ், கிதார், கீபோர்டு, கடைசியில் குரல் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு முழுப் பாட்டை வாசித்துப் பாருங்கள். இந்தச் சோதனை கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

மின்சாரத்தில் எந்தச் சமரசமும் கூடாது. கிதார் ஆம்ப்ளிஃபயரும் மைக் செட்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து மின்சாரம் எடுத்து, ஒன்றின் எர்த் சரியில்லாமலும் போனால், கிதார் கம்பியைப் பிடித்தபடி பாடுபவரின் உதடு மைக்கில் படும் கணத்தில் ஷாக் அடிக்கலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்த பிறகே மேடை ஏறுங்கள்.

கேள்வி: திறந்த மைதானத்தில் நடத்த விரும்புகிறோம். எந்த மாதம், எந்த நேரம் பொருத்தம்?
– மாணவர், மயிலாடுதுறை

பதில்: ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும், திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடியது என்பதால், இடத்தை முடிவு செய்யும் முன் அக்கம்பக்கம் என்ன இருக்கிறது என்று நடந்து பாருங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பே 55 டெசிபல்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்காலம்; திறந்த மேடையை அப்போது நினைக்கவே வேண்டாம். ஜனவரியில் பொங்கலும் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையும் பெரும்பாலும் அடுத்தடுத்து வருவதால் மைக் செட் கிடைப்பதே அரிது. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. ஆகவே, மாசி மகத்தோடு மோதாத ஒரு பிப்ரவரி சனிக்கிழமையை நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: குறைந்த செலவில் ஆட்களை எப்படி வரவழைப்பது?
– மாணவி, பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் ஒத்திகையில் நன்றாக அமைந்த ஒரு பாட்டின் 30 விநாடிப் பகுதியைச் செல்பேசியில் படமெடுத்து, இரண்டு வாரங்களுக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிடுங்கள், நாள், இடம், நேரம் மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். வகுப்பு வகுப்பாக நேரில் சென்று அழைப்பதற்கு ஈடான விளம்பரம் வேறில்லை. சாலையோரத்தில் அனுமதியின்றி ஃபிளக்ஸ் வைப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, வண்டியில் போகிறவர்களுக்கு ஆபத்தும்கூட. அந்தப் பணத்தில் நோட்டீஸ் அச்சிட்டுத் தேநீர்க் கடைகளிலும் பேருந்து நிலையத்திலும் கொடுக்கலாம்.

நோட்டீஸில் முடியும் நேரத்தைத் தவறாமல் போடுங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்கள் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மகளை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பதும் எத்தனை மணிக்கு முடியும் என்பதைத்தான். 6.30-க்குத் தொடங்கி 8.30-க்கு முடித்துவிட்டால் அடுத்த முறையும் அனுப்புவார்கள்.

கேள்வி: சினிமாப் பாடல்களை மேடையில் பாட அனுமதி வாங்க வேண்டுமா?
– மாணவர், மன்னார்குடி

பதில்: கல்லூரி நிகழ்ச்சியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் ஆகியோர் முன்னிலையில் மட்டும் மாணவர்களே பாடினால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. டிக்கெட் விற்றுப் பொதுமக்களை அழைத்தால் நிலைமை வேறு, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் உரிமைகளுக்கான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். சொந்தமாக இரண்டு பாடல்களாவது இயற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆசை.

கேள்வி: எங்கள் குழுவோடு நாகசுரத்தையும் தவிலையும் சேர்க்க விரும்புகிறோம். ஒத்திகையில் சுருதி சேரவே இல்லை.
– மாணவி, திருவாரூர்

பதில்: சேர்க்க முடியும், ஆனால் நாகசுரத்தை உங்கள் பக்கம் இழுக்க முயலாமல் நீங்கள் அதன் பக்கம் போக வேண்டும். திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நிலைபெறச் செய்த நீண்ட பாரி நாகசுரம் ஏறத்தாழ 2 கட்டையிலிருந்து 2½ கட்டைக்குள் ஒலிக்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு). முன்பு பெருவழக்கில் இருந்த திமிரி அதைவிட உயர்ந்த சுருதி கொண்டது. வித்துவானிடம் சுருதியைக் கேட்டு, கீபோர்டை டிரான்ஸ்போஸ் செய்து (அதன் சுருதியை மாற்றி வைத்து) அதனோடு சேருங்கள். 2 கட்டை என்றால் கிதாருக்கு டி (D) சுருதி. 2½ என்றால் முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை ஒருசேர அழுத்தும் கவ்வி) மாட்டி, டி-யில் வாசிப்பதுபோலவே வாசிக்கலாம். பெண் குரலுக்கு இது தாழ்வாகப் படுமானால், நாகசுரத்தின் மத்தியமத்தை (‘ம’ சுரத்தை) உங்கள் ‘ச’வாக, அதாவது ஆதாரமாகக் கொண்டு பாடுங்கள். 2 கட்டையின் மத்தியமம் 5 கட்டை, பல பாடகிகளுக்கு வசதியான சுருதி அது.

இரண்டு கருவிகளும் இயல்பாகவே உரத்தவை என்பதால் அவர்களைப் பாடகியின் மைக்கிலிருந்து தள்ளி, மேடையின் ஓரத்தில் அமர்த்துங்கள். தவில் பேசும் இடத்தில் டிரம்ஸ் ஓய்ந்திருக்கட்டும். நோட்டீஸில் கலைஞர்களின் பெயரை உங்கள் குழுவின் பெயருக்கு இணையான எழுத்தளவில் போடுங்கள். பேசிய சன்மானத்தை அவர்கள் புறப்படுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.