3எக்ஸ் லீடரில் 6எக்ஸ் டிப்பெட்: ஏன் முடிச்சில் அறுகிறது?

ஃப்ளை (பூச்சி போன்ற செயற்கை இரை) கொண்டு மீன்பிடிக்க, 9 அடி 3எக்ஸ் நைலான் லீடரின் (தூண்டில் கயிற்றின் முன்னால் வரும், நுனி மெலிந்த நரம்பு) நுனியில் 6எக்ஸ் ஃப்ளூரோகார்பன் நரம்பை டிப்பெட்டாக (ஃப்ளையைக் கட்டும் கடைசி மெல்லிய நரம்பு) நேராகக் கட்டியிருக்கிறீர்கள். ட்ரவுட் மீன் இழுத்ததும் முடிச்சு அறுகிறது, 16ஆம் எண் கொக்கியில் கட்டிய ட்ரை ஃப்ளையும் (நீரில் மிதக்க வேண்டிய ஃப்ளை) முங்கிப்போகிறது என்கிறீர்கள். ஃப்ளையை மாற்ற வேண்டாம், டிப்பெட்டை மாற்றுங்கள்.

எக்ஸ் எண் கூடக் கூட நரம்பு மெலியும்: 3எக்ஸ் 0.20 மி.மீ., 6எக்ஸ் சுமார் 0.13. இவ்வளவு தடிமன் வித்தியாசத்தில் முடிச்சு சமமாக இறுகாது. மெல்லிய நரம்பு வழுக்கும், இல்லை அறுபடும். ஃப்ளூரோகார்பன் கடினமானது என்பதால் இன்னும் மோசம். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய 1.8 மடங்கு, நைலானுக்கு 1.14தான்; அதனால்தான் ஃப்ளை முங்குகிறது. ஃப்ளூரோகார்பனை நிம்ஃபுக்கு (நீருக்குள் மூழ்கவிடும் ஃப்ளை) வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கி எண்ணை 3ஆல் வகுத்தால் எக்ஸ் கிட்டத்தட்ட வந்துவிடும்: 16க்கு 5எக்ஸ். 60 செ.மீ. 5எக்ஸ் நைலானை மூன்று சுற்று சர்ஜன் முடிச்சால் (இரு நரம்புகளையும் சேர்த்து வளையமிட்டு மூன்று முறை நுழைப்பது) லீடரோடு கட்டுங்கள். எச்சிலால் நனைத்து, நான்கு முனைகளையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். காய்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூடே நரம்பைக் கெடுத்துவிடும், பலரும் தவறுவது இங்கேதான்.

மீன் மிரண்டால் உடனே 6எக்ஸுக்குப் போகாதீர்கள். முதலில் டிப்பெட்டை 90 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். வெயிலில் கிடந்த பழைய நைலான் சுருளை மட்டும் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்.