கண்ணில் பட்ட குத்து (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்ட ஹோலில் பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் பொக்ஸிங் பழகுகிறோம். எனக்கு 17 வயது, 57 கிலோ. கை வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கடைசி இரண்டு போட்டியிலும் கீழே விழுந்து, ரெஃப்ரி எண்ணும்படி ஆகிவிட்டது. இரண்டு தடவையும் எதிராளியின் அடி பெரிய அடி மாதிரியே தெரியவில்லை. போனில் அமெரிக்க பொக்ஸர் மேவெதரின் சண்டைகளைப் பார்க்கிறேன், மனுஷன் விழவே மாட்டேன் என்கிறார். சிலருக்குத் தாடை கல்லு மாதிரி, பிறவியிலேயே வருவது என்கிறார் ஒருவர். இன்னொருவர் எல்லாம் கழுத்துப் பலம்தான், தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமக்கிற நம்ம அம்மாமாரை ரிங்கில் ஏற்றினால் யாராலும் விழுத்த முடியாது என்று கேலி பண்ணுகிறார். எது சரி?

ஜெ.,
தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

‘பெரிய அடி மாதிரியே தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாததால்தான் விழுந்தீர்கள். ஆளை விழுத்துவது பெரும்பாலும் அவர் பார்க்காத குத்து. தற்காப்பில் கெட்டிக்காரரை விழுத்துவது ஏன் கஷ்டம் என்றால், அவர்மேல் படுகிற குத்தில் அநேகமானவை அவர் கண்ணில் முன்பே பட்டுவிடுகின்றன.

தாடை முனையில் பக்கவாட்டாக ஒரு ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கத்திலிருந்து வீசுகிற குத்து) விழுந்தால் தலை வெடுக்கென்று திரும்பும். மண்டையோடு திரும்பிவிடும், உள்ளே மூளை ஒரு கணம் பிந்தும். அந்த இழுப்பில்தான் கால்களுக்குப் போகிற கட்டளை அறுந்து முழங்கால் மடிகிறது. குத்து வருவது தெரிந்தால் உடம்பு தானாகவே பல்லைக் கடித்துக்கொள்ளும், நாடி நெஞ்சுப் பக்கம் இறங்கும், கழுத்து இறுகும். அப்போது தலையும் தோளும் ஒரே கட்டை. அதே குத்து அந்தக் கட்டையை அவ்வளவு வேகமாகத் திருப்பாது.

கூடைக் கதைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கூடையின் பாரம் தலையைப் பின்னால் கீழ்நோக்கி இழுத்தபடி மெதுவாக, தெரிந்தே வருகிறது. ஹூக் பக்கத்திலிருந்து, இமை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். பலமான கழுத்து நல்லதுதான், ஆனால் அது இறுகியிருந்தால் மட்டுமே வேலை செய்யும். உள்ளங்கையை நெற்றியில், பின்தலையில், இரண்டு பக்கமும் மாறி மாறி வைத்து, தலை அசையாமல் 10 விநாடி அழுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று தடவை போதும். மல்யுத்தக்காரர்கள் மாதிரித் தலையை ஊன்றி வில்லாக வளைகிற பயிற்சி உங்களுக்கு வேண்டாம். பழகாத கழுத்தெலும்பு அதில் நொந்துபோகும். தாடை விஷயத்தில் பிறவிக் குணம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. அதைப் பயிற்சியால் மாற்ற முடியாது என்பதால் அதைப் பற்றிப் பேசி நேரம் கடத்துவதில் பிரயோசனமில்லை.

மேவெதர் விழவே இல்லை என்பது முழுக்கச் சரியில்லை. 50 சண்டையும் வென்றவர், ஆனால் கணக்கில் ஒரு வீழ்ச்சி இருக்கிறது. 2001இல் கார்லோஸ் ஹெர்னாண்டஸுடன் மோதியபோது, ஏற்கெனவே காயப்பட்டிருந்த தன் கையாலேயே அடித்து, வலி தாங்காமல் கிளவுஸைத் தரையில் ஊன்றிவிட்டார். நீங்கள் பார்க்க வேண்டியது 2010இல் ஷேன் மொஸ்லியுடன் நடந்த சண்டையின் இரண்டாம் சுற்று. மொஸ்லியின் வலதுகைக் குத்து சுத்தமாக விழுந்து மேவெதரின் முழங்கால் தளர்கிறது. உடனே அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். திருப்பி அடிக்கப் போகவில்லை. மொஸ்லியின் கையை அணைத்துப் பிடித்து, நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொள்கிறார். தலை தெளிய சில விநாடிதான் வேண்டும், அதை இப்படி வாங்கிவிட்டார். உங்கள் வயதுக்காரர்கள் அடிபட்டதும் ரோஷத்தில் முன்னே பாய்வார்கள். இரண்டாவது குத்து அங்கேதான் காத்திருக்கும். உங்கள் போட்டிகளில் பிடித்துக்கொண்டே நின்றால் ரெஃப்ரி எச்சரிப்பார் என்பதும் நினைவிருக்கட்டும். ஒரு தடவை பிடித்து, பிரித்துவிட்டதும் பக்கவாட்டில் நகர்ந்துவிட வேண்டும்.

தற்காப்புக்காரர்களும் விழத்தான் செய்கிறார்கள், அதிகமாக விழுவது தாங்கள் அடிக்கப் போகிற கணத்தில். 1971இல் ஜோ பிரேசியர் 15ஆம் சுற்றில் முகம்மது அலியை விழுத்திய இடது ஹூக்கை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அலி வலதுகை அப்பர்கட்டுக்காக (கீழிருந்து மேலே போகிற குத்து) கையைக் கீழே இறக்குகிறார், வலது தாடை திறந்துகொள்கிறது. கை வேகம் உள்ள உங்களுக்கும் இதே வியாதி இருக்கக்கூடும். ஜெப் (முன்கையால் நேராக விடுகிற குத்து) போன கை அதே பாதையில் கன்னத்துக்குத் திரும்புகிறதா, இடுப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறதா என்று யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ரோய் ஜோன்ஸ் ஜூனியரின் பாணியை மட்டும் இப்போது பழக வேண்டாம். கைகளைத் தொங்கவிட்டு, கண் வேகத்தையும் உடம்பு வேகத்தையும் நம்பிச் சண்டை போட்டவர். 35 வயதில், 2004இல், அன்டோனியோ டார்வரின் ஒரே இடதுகைக் குத்தில் இரண்டாம் சுற்றிலேயே முடிந்தது. வேகம் வயதோடு போய்விடும், கன்னத்தில் ஒட்டிய கை போகாது. மேவெதரின் தோள் உருட்டலும் அப்படித்தான், பார்க்க அழகு. முன்தோளை நாடிவரை உயர்த்தி, வலதுகைக் குத்தைத் தோளில் வாங்கி அதே திசையில் உடம்பைச் சுழற்றிவிடுவது. இடதுகைக்காரர் எதிரே நின்றால் கணக்கு மாறிவிடும், அவருடைய நேர் இடது திறந்த பக்கத்தில் வந்து விழும். இரண்டு கையும் கன்னத்தோடு இருக்கிற சாதாரணக் கார்டை இரண்டு வருஷம் பழகிவிட்டு அதைத் தொடுங்கள்.

இனிக் கால்கள். பல பேர் விழுவது மூளை கலங்கியே அல்ல, சமநிலை போய். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் நிற்கும்போது, அல்லது ஒரு கால் மற்றதைக் கடக்கும்போது, லேசான ஜெப்கூட ஆளை உட்காரவைக்கும். தரையில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறுங்கள். முன்பாதம் கோட்டுக்கு ஒரு பக்கம், பின்பாதம் மறுபக்கம், இடையே தோளகலம். பின்குதிகால் ஒரு தீப்பெட்டி நுழையும் அளவுக்கு உயர்ந்திருக்கட்டும், முழங்கால் இரண்டும் இளகியிருக்கட்டும். கூட்டாளி ஒருவர் உங்கள் தோளில் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தள்ளிப் பார்க்கட்டும். பாதத்தை எடுத்து வைத்தால்தான் நிற்க முடிகிறது என்றால் நிலை தப்பு. மழைக்காலத்தில் மலையிலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்ன எட்டு, பாதம் கொஞ்சம் பக்கம் திரும்பி, முழங்கால் மடங்கி, கால் மாறிப் பின்னாமல். ரிங்கிலும் அதேதான். இடப்பக்கம் போக இடதுகால் முதலில், வலப்பக்கம் போக வலதுகால் முதலில், மற்றது பின்னால் இழுபட்டு வந்து பழைய அகலத்தில் நிற்க வேண்டும். நேராகப் பின்வாங்குவது இரண்டு எட்டுக்கு மேல் கூடாது. மூன்றாவது எட்டு பக்கவாட்டில்.

கண்ணுக்குப் பயிற்சி இருக்கிறது. எதிராளியின் கிளவுஸைப் பார்த்தால் பிந்திவிடுவீர்கள். மேல்நெஞ்சைப் பாருங்கள், கைக்கு முன்னால் தோள் அசையும். ஹோலில் இரண்டு தூணுக்கிடையே உங்கள் தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். கார்டில் நின்றபடி கயிற்றுக்கு அடியால் இடமும் வலமும் மாறி மாறி நகர்ந்து போங்கள். மூன்று நிமிடம், ஒரு நிமிட ஓய்வு, மூன்று சுற்று. இறங்குவது முழங்காலால். இடுப்பால் குனிந்தால் கண் தரையைப் பார்க்கும், அப்பர்கட் நேரே முகத்துக்கு வரும். பிறகு கூட்டாளி அரை வேகத்தில் ஜெப் மட்டும் விடட்டும், நீங்கள் தலையை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் விலக்குங்கள். கிளவுஸ் காதோரம் உரசிப் போக வேண்டும். ஒரு முழம் விலகினால் குத்து படாது, ஆனால் கால் கலைந்திருக்கும், அடுத்த குத்து அப்போதுதான் வரும். இமைக்கிறீர்களா என்பதையும் கூட்டாளியே சொல்லட்டும். முதல் மாதம் எல்லோரும் கண்ணை மூடுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலது விலாவுக்குக் கீழே ஈரலில் விழுகிற இடது ஹூக் வேறு சாதி. ஒரு விநாடி கழித்து வலி வந்து உடம்பை மடக்கிவிடும், அதைத் தாங்க எந்த மன உறுதியும் உதவாது. வலது முழங்கை விலாவை விட்டு அகலாமல் இருப்பதுதான் வழி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சங்கடமான விஷயம். இரண்டு போட்டியில் அடுத்தடுத்து விழுந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுவது, நித்திரைக் குழப்பம் ஏதாவது இருந்தால் முதலில் டொக்டரிடம் போங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் (கூட்டாளியோடு பயிற்சிச் சண்டை) கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு மாதம் தலையில் அடி வேண்டாம், கயிறும் கோடும் போதும். ஹெட்கார்ட் (தலைக்கவசம்) போட்டால் பரவாயில்லை என்று யாராவது சொல்வார்கள். அது புருவம் கிழியாமல் காக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. மறுபடி ஸ்பாரிங் தொடங்கும்போது 16 அவுன்ஸ் கிளவுஸ், பாதி வேகம். ஹோலின் தரை சிமெந்து என்றால் மெத்தை விரிப்பு கிடைக்கும்வரை ஸ்பாரிங்கை நிறுத்தியே வையுங்கள். குத்தில் சும்மா உட்கார்ந்து எழும்பக்கூடிய ஆளின் பின்மண்டை சிமெந்தில் மோதுவதுதான் இந்த விளையாட்டில் மோசமான காயங்களில் ஒன்று. வாத்தியாரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அவருக்குக் காட்டுங்கள்.

அன்புடன்.